‘ஓம்’ என்றால் பிழை

அந்தத் தகர றங்குப் பெட்டியின் மூடியில் தென்னிலங்கைக் கடையொன்றின் பெயர் இன்னும் பாதி அழியாமல் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் கைத்தொலைபேசியைப் பூட்டி வைத்தவன் நான். திரையில் ஒரு கேள்வி வரும், ஒரு குரல் அதை வாசிக்கும். வாயால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். சரியென்றால் திரையிலுள்ள சிறு கப்பல் கொஞ்சம் நகரும். அங்குள்ள எல்லாப் பொருட்களைப் பற்றிய கேள்விகளும் முடிந்தால் கரை சேரும். கண் மங்கிய வயோதிபரும் விளையாடட்டும் என்று வாயால் பதில் சொல்லும் வழியை யோசித்ததும் நான்தான். அதற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன், கை எட்டாத இடத்திலும்.

வெளிநாட்டுக்குப் போன குடும்பமொன்று எங்கள் தீவின் மடத்துவெளியில் விட்டுப்போன கல்வீடுதான் எங்கள் சிறிய அருங்காட்சியகம். திறப்பது, பூட்டுவது, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது எல்லாம் அக்கா. எனக்கு உறவில்லை, ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா. நல்ல வாய்க்காரி. “போனுக்குள்ள தலையை விட்டுக்கொண்டே பிறந்தனீரோ தம்பி?” என்று என்னைக் கேட்டவர். பெட்டி, தெற்கே கடையில் இருந்த அவருடைய அப்பாவினுடையது. யாராவது அதன் அருகே நின்றால் போதும், “ஓமோம், உங்கட வீட்டிலயும் ஒண்டு இருந்திருக்கும். அப்பா கடையால வந்து மூடியைத் திறந்தா சவுக்கார மணமும் பிஸ்கற் மணமும் அடிபட்டுக்கொண்டு வரும்” என்று தொடங்குவார். வந்தவர்கள் குனிந்து முகர்ந்து பார்ப்பார்கள். நானும் முகர்ந்திருக்கிறேன். துரு மணம்தான்.

விளையாட்டைத் தொடக்கிவைத்த நாளில் முதல் ஆளாக அக்காவையே கூப்பிட்டேன். ‘இந்தப் பெட்டி கடல் கடந்து இத்தீவுக்கு வந்ததா?’ என்றது திரை.

“ஓம்,” என்றார் அக்கா.

“தவறு. மீண்டும் முயற்சி செய்க,” என்றது தொலைபேசிக்குள் இருந்த பெண்குரல்.

“ஓம் பிள்ளை, எங்கட அப்பாவின்ரதான்.”

“தவறு.”

நாள் முழுக்க ஓம் ஓம் என்று தலையாட்டித் திரிகிற நானே விளையாட்டுக்குள் ‘ஆம்’ என்று எழுதி வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் நாங்கள் எல்லோரும் உடுப்பு மாற்றிக்கொண்டல்லவா உட்காருகிறோம். பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பகிடி முந்திக்கொண்டது: “அக்கா, உங்கட அப்பாவின்ர பெட்டிக்கே உங்களைத் தெரியாதாம்.” சனம் சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு வாசல் கதிரையில் போய் உட்கார்ந்தார். “இனி உம்மட போன் காட்டும்,” என்றார்.

அதன் பிறகு அவர் எழும்பவில்லை. வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், கப்பலைக் கரை சேர்த்தார்கள், போனார்கள். பெட்டியை முகர்ந்து பார்க்க ஒருவரும் குனியவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தபடி, எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒருநாள் நேரில் போய் அந்தக் கதிரையில் அக்கா இருந்த இருப்பைக் கண்டதும்தான் விஷயம் விளங்கியது.

வீட்டுக்கு வந்து ‘ஆம்’ஐ அழித்து ‘ஓம்’ போட்டேன். அக்காவுக்குப் புதினமாக இருக்கட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்த நாளில் போய், “அக்கா, ஒருக்கா வாங்கோ,” என்றேன். தயங்கித்தான் எழும்பினார். சேலையைச் சரிசெய்தார். தொலைபேசிக்குக் கிட்டப் போய், வீட்டில் சொல்லிப் பார்த்துப் பழகியவரைப் போல, வாயைத் திறந்து அழுத்தமாகச் சொன்னார்:

“ஆம்.”

“தவறு. மீண்டும் முயற்சி செய்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு சொல்லையும் வைத்திருக்கலாம் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அக்கா தொலைபேசியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் என்னெண்டுதான் சொல்லுறது, தம்பி?”

இப்போது விளையாட்டு இரண்டையும் ஏற்கிறது. ‘ம்’ என்றாலும் கப்பல் நகரும். நான் கெஞ்சிக் கேட்டதால் அக்காவும் கதிரையை விட்டு எழும்பி, வருகிறவர்களோடு உள்ளே போகிறார். போன கிழமை ஒரு பெண் பெட்டிக்கு முன் நின்று, “இது உங்கட அப்பாவின்ரயோ?” என்று கேட்டார். அக்கா வாயைத் திறந்தார். கம்பியிலிருந்த தொலைபேசியை ஒருதரம் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.