பாண்டி அண்ணனுக்கு ஒட்டிய சுவரொட்டி

பசை வாசனைதான் முதலில் வந்தது. போன வாரம் பாளையம்பட்டி நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, கொதிக்கும்போதே மயில்துத்தத்தைப் போட்டுக் கிண்டினால் ஒரு வாசனை எழும். புளித்த கஞ்சியும் பச்சை படிந்த செம்பும் ஒன்றாக நாசியில் ஏறுவதுபோல இருக்கும். மூக்கோடு நிற்காது, தொண்டையில் கசப்பாக இறங்கும். துத்தம் எதற்கென்றால் மாடு நக்காமலிருக்க. எங்கள் பக்கத்து மாடுகளுக்குக் கோடையில் சினிமா நோட்டீஸும் தீவனம்தான்.

இப்போது எல்லாம் ஃப்ளெக்ஸ். செத்தவர்கள்கூட ஆளுயரத்தில் கலர் கலராகச் சிரிக்கிறார்கள். அதனால் வாளியும் துடைப்பமுமாக ஓர் ஆள் சுவரில் பசை இழுப்பதைப் பார்த்ததும் உடம்பு தன்னால் திரும்பியது. ஒட்டியது கண்ணீர் அஞ்சலி. பக்கத்தில் நின்றவர், "யாருங்க தவறுனது?" என்றார். நான் கீழே பார்த்துக்கொண்டு தெரியலைங்க என்றேன். நான் அந்த முகங்களைப் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டுத் திரும்பினால் அதே ஆள் எதிர்க்கடையில் டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருப்பாரோ என்று ஒரு பயம். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம். பள்ளி திறக்கும்போதே எல்லையில் சண்டை தொடங்கியிருந்தது. கரிசலில் ஆனிக் காற்று அடிக்கும் மாதம் அது. கோடை உழவு போட்ட காட்டிலிருந்து புழுதி எழும்பி வகுப்பறைக்குள் வந்து நோட்டில் உட்காரும். அந்தப் புழுதிக்குள் உட்கார்ந்துகொண்டு நாங்கள் பனிமலையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். காலையில் டீக்கடைப் பேப்பரைப் படித்துவிட்டு வருகிறவன், அங்கே இத்தனை பேர், இங்கே இத்தனை பேர் என்று சொல்வான். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற அதே குரலில் கேட்போம். அங்கே கூடினால் கைதட்டல். இங்கே கூடினால் கோபம். கோபமும் சுகமாகத்தான் இருந்தது, அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான் வகுப்பின் கவிஞன். கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆசிரியனும் நானே, பாதி வாசகனும் நானே. வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி போட்டால்தான் உணர்ச்சி ஒழுங்காக நிற்கும் என்று நம்பியவன். போர்ச் சிறப்பிதழ் ஒன்று கொண்டுவரலாம் என்றபோது, பின்வரிசை முத்துராஜ் தன் அண்ணன் படத்தைக் கொண்டுவந்து தந்தான். பரளச்சிப் பக்கத்துக் கிராமத்துப் பையன் அவன். அண்ணன் பாண்டி பட்டாளத்தில் இருந்தார், அந்த மலைப்பக்கம்தான். பட்டாள உடையில், தொப்பி சற்றே சரிந்து, சிரிக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்காத முகம். "பத்திரமாக் குடுத்துருடா, வீட்டுல இது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லித்தான் தந்தான். படம் என் கணக்கு நோட்டுக்குள் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பேப்பரில் சிறிய செய்தி வந்தது. நம் மாவட்டத்து வீரர் ஒருவர் பலி, பெயர் விவரம் தெரியவில்லை. அன்று முத்துராஜ் பள்ளிக்கு வரவில்லை. முந்தின வாரம் கடைசி மூன்று நாளும் வரவில்லை. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எங்களுக்குத் தெரிந்த பட்டாளத்துக்காரர் பாண்டி அண்ணன் ஒருவர். ஆகவே மாவட்டத்துக்கே அவர் ஒருவர்தான் என்று எடுத்துக்கொண்டோம். பெரிய கணக்கெல்லாம் இல்லை.

சுவரொட்டி அடிக்கலாம் என்று சொன்னது நான். எங்கள் ஊரில் ஒரு சாவு நடந்தால் பொழுது சாய்வதற்குள் சுவரில் முகம் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் செத்தவருக்கு ஆளில்லை என்று அர்த்தம். அச்சகக்காரரிடம் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டார். என் பங்குக்கு நானே அடித்துத் தருகிறேன் என்றார். என் நோட்டிலிருந்த படத்தை ஆள் மூலம் சிவகாசிக்கு அனுப்பி மறுநாளே அதற்கு அச்சு பிளாக் எடுத்து வரச் செய்தார். 'வீரவணக்கம்' என்று மேலே. கீழே என் வரிகள்:

மண்ணுக்கு உயிர் தந்தாய்!!!
மரணத்துக்கே பெயர் தந்தாய்!!!

இரண்டாவது வரிக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஈர மையில் என் வரிகளை முதன்முதலாகப் பார்த்தேன். விரலால் தொட்டேன், ஒட்டியது. அந்த விரலை நாளெல்லாம் கழுவாமல் வைத்திருந்தேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் நானும் வகுப்புத் தோழன் கணேசனும் போனோம். பசை காய்ச்சியது அவன். எதிலும் விளையாட்டாகப் பேசுகிறவன். அன்று மட்டும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தான். அந்தக் கிராமத்து நிறுத்தத்தில் இறங்கியபோது வெயில் இன்னும் தரையைத் தொடவில்லை. நிழற்குடைச் சுவரில் ஒன்று, அடைத்திருந்த கடைப் பலகையில் ஒன்று, தண்ணீர்த்தொட்டித் தூணில் ஒன்று. காற்றில் காகிதம் படபடத்தது. நான் அழுத்திப் பிடிக்க, கணேசன் பசை இழுத்தான்.

ஊர் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. இழவு வீடு உள்ள ஊரில் பந்தல் இருக்கும், கொட்டுச் சத்தம் இருக்கும், வெளியூர் ஆட்கள் இருப்பார்கள். இங்கே ஒரு சேவல் மட்டும் கூவிக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. குடம் வைத்துத் தண்ணீர் கொண்டுபோகிற நான்கு சக்கர வண்டி. தள்ளி வந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றார்.

"எட்ட நில்லுங்கய்யா. வீட்டுல சின்னவனுக்கு அம்மை போட்டுருக்கு. சனம் வரங்குள்ள தண்ணி பிடிச்சுட்டுப் போயிருவம்னு வந்தேன்."

அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் போவதில்லை, அங்கிருந்து யாரும் வெளியே சொல்லியனுப்புவதும் இல்லை. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீடு ஊருக்குள் தனித் தீவு. சின்னவன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துவிட்டார்.

"ஏய்யா, இது எங்க பெரியவன்ல?"

முகம் முழுக்கச் சிரிப்பு. படத்தில் மகன் முடிவெடுக்காமல் விட்ட சிரிப்பை அம்மா முடித்துவைத்ததுபோல இருந்தது. இவருக்குத் தெரியாது. செத்துப்போன மகனின் முன்னால் நின்று சிரிக்கிறார். அந்த நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். கூடவே ஒரு பயமும் வந்தது. முத்துராஜ் வராததற்குக் காரணம் அம்மை என்றால், நாங்கள் எதை வைத்து இதை ஒட்டினோம்?

"என்னய்யா எழுதிருக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாது."

கணேசன் என்னைப் பார்த்தான். எழுதியவன் நானல்லவா. நான் சுவரைப் பார்த்தபடி, வாசிக்கிறவன்போல விரலை வேறு ஓட்டிக்கொண்டு, "நல்லா இருக்கணும், நீண்ட நாள் வாழணும்னு போட்டுருக்கும்மா" என்றேன்.

"லெட்டரு வந்து ஒரு மாசமாச்சுய்யா. ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்" என்று அங்கிருந்தே கும்பிட்டார். கைக்குழந்தைகளைப் பார்ப்பதுபோல எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஒன்று தாருங்கள், சின்னவன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், பார்த்தால் தெம்பாக இருக்கும் என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், இல்லை, சொல்லத் தெரியாமல் நின்ற நேரத்துக்குள், கணேசன் ஒன்றைச் சுருட்டி வண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். அவர் அதைக் குடங்களுக்கு நடுவே நனையாமல் செருகிக்கொண்டு போனார்.

சின்னவனுக்கு வாசிக்கத் தெரியும்.

ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். ஐம்பது அடிதான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சுவரொட்டிகளைக் கிழிக்க ஆரம்பித்தோம். ஈரப் பசையில் காகிதம் நார் நாராக வந்தது. வீரமும் வணக்கமும் வந்தன, என் ஆச்சரியக்குறிகள் வந்தன. முகம் வரவில்லை. நகத்தால் சுரண்டினோம். ஒரு கண் போனது, தொப்பி போனது. உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ தெரியாத ஒரு மனிதரின் முகத்தை விடிகாலையில் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தோம். அப்போது தெருக்கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒற்றைக் குரல். அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாளியை அங்கேயே போட்டுவிட்டு காட்டுக்குள் இறங்கி ஓடினோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கணேசனின் அத்தை சொல்லித்தான் தெரியும். அவர் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். முத்துராஜின் மாமன்கள் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் விசாரித்தார்களாம், தகவல் வரவில்லை என்ற பதில் கிடைத்ததாம். வியாழக்கிழமை பாண்டி அண்ணனின் கடிதமே வந்துவிட்டதாம். ஊரே கூடிப் பிரித்திருக்கிறது. எல்லாம் நலம், இங்கே குளிர் அதிகம், தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள். தேதியைப் பார்த்தால் இருபது நாள் பழசு. அன்றைக்கு உயிரோடு இருந்திருக்கிறார் என்பதற்கு மேல் அந்தக் காகிதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். ஒவ்வொரு தடவையும் வாசிக்கிற ஆளை மாற்றினாராம்.

போலீஸ் வரும் என்று பயம், முத்துராஜின் மாமன்கள் வருவார்கள் என்று பயம். எல்லாவற்றுக்கும் அடியில், பெயர் சொல்லத் தெரியாத ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அதன் பெயர் தெரிந்தது.

அன்று பேப்பரில் பெயர் வந்தது. வேறு பெயர், மாவட்டத்தின் வேறு மூலையில் வேறு ஊர். பாண்டி அண்ணன் இல்லை. டீக்கடையில் நின்று அதைப் படித்தபோது உயிர் திரும்பி வந்தது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி, கண்ணிமைக்கிற நேரம், எனக்குள் ஏதோ சப்பென்று ஆனது. ஏமாற்றம். என் வரிகள் வீணாகிவிட்டன என்ற ஏமாற்றம். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சண்டை எங்கோ மலையில் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அது எனக்குள் எவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து நடுங்கிவிட்டேன்.

வரிகளும் வீணாகவில்லை. அச்சகக்காரர் அந்த வேறு ஊர்க்காரர்களுக்குப் படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி அதையே அடித்துக்கொடுத்தார். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லையாம். எந்தப் பிள்ளை செத்தாலும் பொருந்துகிற வரிகள்.

அந்த வீட்டுச் சாவுக்கு முத்துராஜின் அம்மா போய்வந்தார். உறவில்லை, வழக்கமில்லை, போகாதே என்று சொன்னவர்களிடம், "நான் மூணு நாளு அழுதது அந்தப் பிள்ளைக்குத்தான. அந்தத் தாயி அழுகறதுக்கு முன்னாடியே நான் அழுதுட்டேன்ல. போய்ச் சொல்லிட்டு வரணும்" என்றாராம்.

ஆடி மாதம் பள்ளிகளுக்கிடையே பேச்சுப்போட்டி வந்தது. போர் தேவையா என்பது தலைப்பு. மதியம் ஆசிரியர் இல்லாத பாடவேளையில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தியது. நாட்டைக் காக்க வேண்டாமா என்று ஒரு கட்சி. காக்கிறவனை யார் காப்பது என்று இன்னொன்று. முகமெல்லாம் கருந்தழும்போடு முத்துராஜ் வந்திருந்தான். என்னோடு பேசவில்லை, சண்டையும் போடவில்லை. எல்லோரும் ஓய்ந்த இடத்தில் எழுந்து, "செத்தது எங்கண்ணன் இல்லைன்னு தெரிஞ்சப்ப நீங்க எல்லாம் என்னலே நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டான். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் அந்த ஒரு நொடி எனக்கு மட்டும் வந்ததல்ல.

பிறகு கணேசன், "அந்தப் பக்கமும் எவனாச்சும் பசை காச்சிருப்பான்ல?" என்றான். அவன் வாயைத் திறந்தாலே சிரிக்கிற வகுப்பு, அன்று சிரிக்கவில்லை.

போட்டிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். மைக் முன்னால் வணக்கம் சொன்னேன். அதோடு சரி. ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

இந்தச் சாலையில் இன்று எதுவும் அப்படியில்லை. இருபது நாள் பழைய கடிதம் இல்லை. தள்ளுவண்டி இல்லை, குழாய் வந்துவிட்டது. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. போன வருடம் எல்லையில் மறுபடி பதற்றம் வந்தபோது, கல்லூரி போகும் என் மகளின் தோழிகள் ஒரு வீரரின் படத்தைப் போனில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவத்தி, கூப்பிய கை, கீழே இரண்டு வரி. இது உறுதியா என்று கேட்டேன். எல்லாரும் போடுறாங்கப்பா என்றாள் மகள். அன்றிரவு நான் தூங்கவில்லை. வீட்டிலிருப்பவர்களுக்கு முன்னால் விஷயம் ஊருக்குப் போய்விடுகிறது. எதையும் சுரண்டி எடுக்க முடியாது.

முத்துராஜும் பட்டாளத்துக்குத்தான் போனான். மானாவாரி நிலம் இரண்டு வருடம் பொய்த்த பிறகு வேறு என்ன செய்வான்? பாண்டி அண்ணன் அப்போது விடுப்பில் வந்திருந்தார். தம்பியை அனுப்ப மனமில்லாமல் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாகத் திரும்பி நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் முத்துராஜின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அவன் அதன் பிறகு வடக்கேயே தங்கிவிட்டான் என்று கேள்வி. அவனைப் பற்றி இவ்வளவு காலம் ஒரு வரிகூட எழுதவில்லை, இதையும் அவனைக் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

அன்று பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். முத்துராஜ் படியில் நின்றபடி குனிந்து, இரண்டு வருடங்களில் முதன்முறையாக என் தோளைத் தொட்டான்.

"எனக்கு ஏதாச்சும்னு காயிதம் வந்தா, எங்கம்மா ஒன்னையத்தான் வாசிக்கச் சொல்லும். அன்னைக்காச்சும் உள்ளத வாசிச்சிருலே."