ஃபயர் ஸ்டேஷனை இடிக்க வந்தாங்க

தீயணைக்கிற வேலையில பாதி நேரம் காத்திருக்கிறது, மீதி நேரம் ஏன் லேட்டுன்னு பதில் சொல்றது. பொதுசனத்துக்குப் பதில் சொல்ற உத்தியோகத்துல இருக்கிறவங்களுக்கு இந்த வேதனை புரியும்.

நுழையாத வண்டி

மாத்தளையில எங்க ஸ்டேஷன் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வாசல் வளைவு அந்தக் காலத்துச் சின்ன வண்டிக்கு அளவெடுத்துக் கட்டினது. புது வண்டி வந்தப்ப கூரை விளக்கு வளைவுல முட்டிச்சு. வளைவை உடைக்க ஒரு மேசனை அனுப்பினாங்க. அரை நாள் உளியோட மல்லுக்கட்டினவர் கீழ இறங்கி வந்து சொன்னார்: "சேர், வண்டியை உடைக்கிறது லேசுங்க."

எதிர்க்கடை நானா

அடுத்ததா, மொத்தமா இடிச்சிட்டு வாகனம் நிறுத்த இடம் போடலாம்னு யோசனை வந்துச்சு. இருபத்தஞ்சு வருசம் அந்த வாசல்ல இருந்து ஓடினவன் நான். ஆனா மனு எழுதி, தெருத்தெருவா கையெழுத்து வாங்கினது எதிர்ல ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிற ஃபாரூக் நானாதான். முஸ்லிம் அண்ணன்மாரை எங்க ஊர்ல நானான்னுதான் கூப்பிடுவோம். கட்டடத்து மேல இவ்வளவு பாசமான்னு கண்கலங்கிக் கேட்டேன். கடை அட்டையை எடுத்து நீட்டினார். "‘ஃபயர் ஸ்டேஷனுக்கு எதிரே’ன்னு இப்பதான் தம்பி ஆயிரம் அடிச்சேன்."

பருப்புக்கறி

மனு போனதும், பாதுகாக்க வேண்டிய கட்டடமான்னு பார்க்க யாழ்ப்பாணத்து மிஸ் ஒருத்தங்க வந்தாங்க. பின்சுவர்ல இருந்த கரியைப் பார்த்து, பழைய தீ விபத்தோட தடயமா இருக்கும்னு பக்தியோட படம் எடுத்தாங்க. ஆமான்னு சொன்னா கட்டடம் தப்பிக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு, முடியல. மூணு வருசத்துக்கு முன்னாடி நான் அடுப்புல வச்சு மறந்த பருப்புக்கறின்னு உண்மையைச் சொன்னேன். பேனாவைத் தூக்கிப் பிடிச்சபடியே கேட்டாங்க: "அப்ப இதை என்னெண்டு எழுதுறது? தீயணைப்பு வீரர் வச்ச தீ எண்டு எழுதட்டோ?"

மணல் வாளி

கரி இல்லாமலேயே கட்டடம் தப்பிச்சது. ஸ்டேஷன் டவுனுக்கு வெளிய போச்சு. பழையதைக் காட்சிசாலை ஆக்கி, ஓய்வுக்கு நெருங்கின என்னை அதுக்குக் காவலா போட்டாங்க.

ஒரு மத்தியானம் பின்பக்கத்து வீட்டு அக்கா, அடுப்புல இருந்த எண்ணெய்த் தாச்சி தீப்பிடிச்சிருச்சுன்னு ஓடி வந்தாங்க. புது ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிக்கிட்டே, பார்வைக்கு வச்சிருந்த சிவப்பு மணல் வாளி ரெண்டையும் தூக்கிட்டு ஓடினேன். திரைச்சீலை பத்துறதுக்கு ஒரு சாண்தான் இருந்துச்சு. ரெண்டு வாளி மணலையும் கொட்டினதும் தீ அடங்குச்சு. வண்டியில வந்து இறங்கின என் பழைய கூட்டாளி செல்வம் காலி வாளியைப் பார்த்துட்டுச் சொன்னான்: "காட்சிப் பொருளைத் தொடக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு, வாசிக்கலையாண்ணே?"

இத்தனை வருசம் நெருப்போட பழகினவன் சொல்றேன், பழைய கட்டடத்துக்கு நெருப்பைவிட ஆபத்து நல்ல யோசனையோட வர்ற ஆட்கள்தான்.