சுத்த ஜாடியில் செத்த தெள்ளுகள்

என் அக்கா தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் நீர்த்தெள்ளு வளர்த்தாள். நீர்த்தெள்ளு, இறாலுக்குத் தூரத்து உறவான நன்னீர் உயிர், கடுகைவிடச் சிறியது. கண்ணாடி போன்ற அதன் உடலுக்குள் இதயம் துடிப்பதை உருப்பெருக்கியில் காணலாம்.

ஆலைக் கழிவுநீர் ஒரு ஜாடியில், வடிகட்டிய குழாய்நீர் மற்றொன்றில். இரண்டிலும் தெள்ளுகளை விடுவார்கள். கழிவுநீரில் மட்டும் செத்தால் ஆலைக்கு ஓலை போகும். மற்றதற்குச் 'சுத்த ஜாடி' என்று பெயர். அதில் செத்தால் சோதனை செல்லாது; வளர்த்தவள் ஜாடியைச் சரியாகக் கழுவவில்லை என்றே கொள்ளப்படும்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. வேலையிழந்து வீட்டிலிருந்த மாமா அவளைச் சீண்டுவார்: "உங்க அக்காவுக்கு ஜாடி ஜாடியா பிள்ளைங்க மாப்ளே. வயசான காலத்துல ஒண்ணாவது நம்மளைப் பார்த்துக்குமா?"

"உங்களை மாதிரி எதிர்த்துப் பேசாது. எனக்கு அதுவே போதும்."

மழை பொய்த்த ஓர் ஆண்டின் கோடையில், சுத்த ஜாடித் தெள்ளுகள் குஞ்சு பொரிப்பதை நிறுத்தின. பிறகு ஒவ்வொன்றாக அடியில் படுத்தன. அக்கா எல்லா ஜாடிகளையும் மறுபடி கழுவினாள், மறுபடியும் செத்தன. சோப்பு மிச்சம், அலட்சியம் என்று மேற்பார்வையாளர் குறிப்பெழுதினார். குற்றத்தை ஏற்றுக் கையெழுத்திட்டால் கண்டனத்தோடு முடியும். மறுத்தால் விசாரணை, அநேகமாக வேலைநீக்கம்.

அவள் உடனே மறுக்காததுதான் என்னை உலுக்கியது. வீட்டில் கழுவிய தட்டை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, "நெஜமாவே நான் சரியா அலசலையோடா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் கூடத்தார் சுத்த ஜாடிக்குப் பாட்டில் தண்ணீர் வாங்கினார்கள். அதே ஜாடி, அதே சோப்பு, அதே கை. தெள்ளுகள் பிழைத்துக்கொண்டன.

இதைச் சொல்லக் கூடத்துக்குப் போன அக்காவோடு நானும் போனேன். அக்கா மேற்பார்வையாளரிடம் சொன்னாள்: "சார், ஜாடில தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சே. அந்தக் குறிப்பைக் கிழிச்சுடுங்க."

"அப்போ குழாய்த் தண்ணில என்ன இருக்குன்னு நான் எழுதணும்மா. என்ன இருக்கு?"

"அது உங்களுக்குத்தானே சார் தெரியணும்?"

"பட்டியல்ல இருக்கிற விஷம் எல்லாத்துக்கும் பார்த்தாச்சு. ஒண்ணுமில்ல. ஊரே முழுங்குற மாத்திரையோ, பூசுற க்ரீமோ, எது கரைஞ்சு வருதோ! அதுக்கெல்லாம் இவ்வளவுதான் இருக்கலாம்னு இன்னும் யாரும் அளவே வைக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ கழுவலைன்னு எழுதினா விஷயம் உன்னோட போயிடும். நீ கழுவினேன்னு எழுதினா ஊர் மேல போகும். அதுக்கு எனக்கு ஏதும்மா தெம்பு?"

அவர் பொல்லாதவர் அல்லர். அதனாலேயே அவரிடம் சண்டையிடக்கூட வழியில்லாமல் போயிற்று.

"போடாதேக்கா," என்றேன்.

"வீட்டுல அடுப்பெரியணும்டா," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டாள். நான் நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பாட்டில் தண்ணீர் தெள்ளுகளுக்கு மட்டும் தொடர்ந்து வந்தது. குழாய்நீரை அதன் பிறகு எவரும் சோதிக்கவில்லை. அக்கா ஓய்வு பெறும்வரை அவள் பெயருக்கு நேரே 'அலட்சியம்' என்ற சொல் நின்றது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட, அவள் கழுவிக் கவிழ்த்த ஜாடிகளை எடுத்துப்போய் மீண்டும் கழுவினார்கள். அவள் அவர்களைத் தடுக்கவில்லை. குழாயடியிலிருந்து சற்று விலகி நின்று இடம் கொடுத்தாள்.