வாளிக்குள் முங்கிய போலந்துத் தொப்பி

கனடாவின் பியர்பொன்ட்ஸில் நகுலேஸ்வரன் வீட்டு பேஸ்மென்டில் போலந்து இராணுவத்தின் தொப்பிகளும் இரும்புத் தலைக்கவசங்களும் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. போலந்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. பிறந்தது யாழ்ப்பாணம். வேலை, சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுவது.

எல்லாம் குளிரால் வந்த வினை. மனைவி சிவநேசம் கனடா வந்து சேருமுன், ஒரு கராஜ் சேலில் நான்கு மூலையுள்ள தொப்பியொன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஒரு கிழவர் எழுந்து நின்று சலூட் அடித்தார். இடம் தருகிறாராக்கும் என்று நகுலேஸ்வரன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அது போலந்துப் படையினரின் தொப்பி என்று பிறகு தெரிந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் வாசிக்கத் தொடங்கி, வாசித்த ருசியில் சேர்க்கத் தொடங்கினார்.

சிவநேசம் தடுக்கவில்லை. செத்தவர்களின் உடுப்பு மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு விட்டுவிட்டார். ஆகவே ஒவ்வொரு தொப்பியும் கராஜில் காத்திருந்து, நனைந்து, அதன்பிறகே உள்ளே வந்தது.

சென்ற கோடையில் கர்க்லாண்டில் ஒரு வீட்டைக் காலிசெய்தவர்களிடம் இன்னொரு நான்கு மூலைத் தொப்பி கிடைத்தது. உட்துணியில் ஜேர்மன் மொழியில் மையெழுத்து. ஓட்டோ என்ற சிப்பாய் 1939 செப்டெம்பரில் இதைக் கைப்பற்றினானாம். போர் முடிவில் ஓட்டோவின் வீட்டுக்குள் புகுந்த கனடியச் சிப்பாய், அந்தக் கர்க்லாண்ட் வீட்டுக்காரன், அதைத் தான் கைப்பற்றிக் கப்பலேற்றிவிட்டான். கேட்டு வாங்கியவர் நகுலேஸ்வரன் ஒருவர்தான்.

அவருடைய ஊர் வீட்டு முன்கதவையும் இராணுவம் கழற்றிக்கொண்டு போயிருந்தது. எங்கேயோ யாரோ அதைத் திறந்து பூட்டிக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லுவார். சொல்லும்போது கோபம் தெரியாது.

போலந்துப் பழைய படைவீரர் மன்றத்தின் செயலாளர் ததேயுஸ் தொப்பியின் படத்தைப் பார்த்தார். அந்த மையெழுத்து இருப்பதால் மன்றத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், கீழே நகுலேஸ்வரனின் பெயரையும் போடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருவதாகவும் சொன்னார். இந்த நாட்டில் நகுலேஸ்வரனின் பெயர் சம்பளத் துண்டிலும் மின்சார பில்லிலும் மட்டுமே வந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்க்க மனுசன் உண்மையாகவே ஆசைப்பட்டார்.

தொப்பி வீட்டுக்கு வந்தபோது சிவநேசம் ரொறொன்ரோவில் தங்கச்சி வீட்டில் நின்றார். திரும்பி வந்து விசயத்தை அறிந்தார். சனிக்கிழமை நகுலேஸ்வரன் கடைக்குப் போய் வருவதற்குள் தொப்பி மஞ்சள் தண்ணீர் வாளிக்குள் முங்கியிருந்தது.

“தெளிச்சால் காணும்தானே, சிவநேசம்?”

“ஒருத்தன்ர எண்டால் காணும். மூண்டு பேரின்ர கையில இருந்ததெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். மூண்டு பேரும் செத்திட்டினம். தெளிக்காமல் உள்ளுக்கும் வந்திட்டுது.”

நகுலேஸ்வரன் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். மையெழுத்து இல்லை. கரைந்துபோய் ஓட்டோ வாளியில் இருந்தான். நகுலேஸ்வரன் இரவு சாப்பிடவில்லை.

ஞாயிறு ததேயுஸ் வந்தார். சிவநேசம் வடை வைத்தார். நகுலேஸ்வரன் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். ததேயுஸ் ஈரம் காயாத தொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். உட்புறத் தோல்பட்டி ஊறிக் கழன்றிருந்தது. அதன் அடியில் சிவப்பு நூலால் தைத்த எழுத்துக்கள். பெலிக்ஸ் வோய்தாஸ் என்று ஒரு பெயர், பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயர். ததேயுஸ் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்து நின்றார்.

இந்த முறை நகுலேஸ்வரனும் எழுந்து நின்றார்.

இனி இது கண்ணாடிப் பெட்டிக்கு இல்லை, உரியவர்களைத் தேடவேண்டும் என்றார் ததேயுஸ். கண்ணாடிக்குப் பின்னால் தன் பெயர் வராது என்று தெரிந்தும் நகுலேஸ்வரன் ஓம் என்றார். நத்தார் பண்டிகைக்கு முன் பெலிக்ஸின் பேத்தி ஒருத்தி அந்தக் கிராமத்திலேயே அகப்பட்டாள். பார்சலை நகுலேஸ்வரனே கட்டினார். அனுப்புபவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் வந்தது.

தபாற்கந்தோரால் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

“எங்கட ஊர் வீட்டுக் கதவில பேர் ஏதும் இருந்ததே?”

“இல்லை,” என்றார் சிவநேசம். “ஆர் கதவில பேர் எழுதுறது?”

அடுத்த நாள் நகுலேஸ்வரன் ஏணி வைத்து ஏறி, பியர்பொன்ட்ஸ் வீட்டு முன்கதவின் மேல்விளிம்பில் தங்கள் இரண்டு பேருடைய பெயரையும் ஊரின் பெயரையும் போட்டார். மையில் நம்பிக்கை விட்டுப்போனதால் ஆணியால் கீறினார். சிவநேசம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.