நானூற்றுப் பத்தாவது அடி

இது நடந்தது. இம்மானுவேலிடம் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. யாருக்கும் அனுப்ப மாட்டான். இப்போது பார்க்க வேண்டுமென்றால் ராஜபாளையத்தில் அவன் வீட்டுக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பாதியில் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். நான் முழுவதும் பார்த்தேன். அதனால் மணியையும் அடிக்கணக்கையும் பிசகில்லாமல் சொல்ல முடியும்.

இம்மானுவேலுக்குப் போர்வெல் கேமரா வேலை. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் நின்றுவிட்டால் அவனைக் கூப்பிடுவார்கள். விளக்கு பொருத்திய சின்ன கேமராவைக் கேபிளில் கட்டி உள்ளே இறக்குவான். மேலே ஒரு திரையில் பாறையும் ஊற்றுக்கண்ணும் தெரியும். எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பது திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பதினோரு வருடத்தில் ஆயிரம் போராவது பார்த்திருப்பான். உள்ளே சுருண்டு கிடந்த பாம்பைப் பார்த்திருக்கிறான். தவறி விழுந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்திருக்கிறான். பயந்ததில்லை.

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. கான்சாபுரத்தில் ஒரு தென்னந்தோப்பில் வேலை. துணைக்கு அவன் மனைவி பியூலாவின் தம்பி பெலிக்ஸ் வந்திருந்தான். பெலிக்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவன். அந்த வாரம் டைனோசரைப் பற்றி எடுத்திருந்தான். படமெல்லாம் காட்டி, அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லியிருந்தான். அதைக் கேட்டு வந்த இம்மானுவேலின் மகள் இரண்டு நாளாகக் குளியலறைக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறாள்.

வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை அதே சண்டைதான்.

“ஏலே, அது செத்து அழிஞ்சு கோடிக்கணக்கான வருசமாச்சு. புள்ளைகள எதுக்கு பயமுறுத்துத?”

“பூமிக்கே அம்புட்டு வயசு கெடையாது அத்தான். மனுசனப் படைச்ச ஆண்டவர்தான் அதையும் படைச்சாரு. வேதத்துல பெரிய மிருகம்னு வருதுல்ல, அது வேற என்ன? பெருவெள்ளத்தப்போ பேழையில அதுவும் ஏறிச்சு. ஏறினது எறங்கித்தான இருக்கும்?”

“எறங்கி எங்க போச்சு? இங்க மில்லுல வேலை பாக்குதா?”

பெலிக்ஸ் சிரிக்கவில்லை. “நாம பாக்காத எடத்துல இருக்கு. ஒருநாள் அவரே காட்டுவாரு.”

கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்துகளுக்கு வழிவிட்டு வத்திராயிருப்பு சாலையில் திரும்பினார்கள்.

தோப்பு மலையடிவாரத்தை ஒட்டி இருந்தது. அதன் உரிமையாளர் காளீஸ்வரி, ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து ஆறு வருடம். மூன்று மாடுகளையும் நூற்று நாற்பது தென்னைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகப் போரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டாரை வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். மட்டைகள் காய்ந்து தொங்கின.

“இதுல தண்ணி இல்லைன்னா தோப்ப விட்டுட்டுப் போக வேண்டியதுதான் தம்பி.”

“எம்புட்டு அடி போட்டிய அக்கா?”

“போட்டது எங்க வீட்டுக்காரவ. அவியளுக்குத்தான் தெரியும். போர் போட்ட சீட்ட எங்க வச்சாவளோ.”

கேமராவை எடுப்பதற்கு முன்னால் அவள் போரின் வாயருகே சூடம் கொளுத்தினாள். பூமியைத் தாங்குகிறவர் கீழே இருக்கிறார், அவரைக் கேட்காமல் எதையும் இறக்கக் கூடாது என்றாள். பெலிக்ஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மணி 2.20. நல்ல வெயில்.

போரின் வாயில் ஒரு சாக்கு போட்டு மூடியிருந்தது. அந்தச் சாக்கு மெல்ல மேலே எழும்பியது. அப்புறம் பள்ளமாக அமுங்கியது. மறுபடி எழும்பியது.

இம்மானுவேலுக்கு இது புதிதில்லை. காற்றழுத்தம் மாறினால் சில போர்கள் காற்றை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும். ஆனால் அதற்கு மணிக்கணக்காகும். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இங்கே நாற்பது வினாடிக்கு ஒரு தடவை. பிசகாமல்.

சாக்கை எடுத்ததும் வாடை வந்தது. பாசி வாடை இல்லை. மழையில் நனைந்த ஆட்டுக் கொட்டகையின் வாடை.

2.26. கேமரா உள்ளே போனது. பெலிக்ஸ் கேபிள் உருளையைச் சுற்றினான். இம்மானுவேலும் காளீஸ்வரியும் தென்னை நிழலில் திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார்கள்.

நூறு அடி. சாம்பல் பாறை. இருநூறு. அதே பாறை. ஒரு ஊற்றுக்கண் தெரிந்தது. வறண்டு கிடந்தது.

முந்நூற்று இருபதில் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஆழத்தில் குளிராகத்தான் இருக்கும். ஆவி படியாது. 

முந்நூற்றைம்பது. சுவரில் ஈரம். காளீஸ்வரியின் முகம் மலர்ந்தது. “தண்ணியா தம்பி?”

“செத்த பொறுங்கக்கா.”

அது சொட்டவில்லை. நூல் நூலாக, சளி போலத் தொங்கியது.

நானூற்றுப் பத்து.

பாறை முடிந்துவிட்டது.

கேமரா ஒரு பெரிய வெற்றிடத்துக்குள் தொங்கியது. விளக்கு வெளிச்சம் மூன்று பக்கம் எதிலும் படவில்லை. ஒரு பக்கம் மட்டும் சுவர் தெரிந்தது. கருஞ்சிவப்பு. ஈரம். மேடும் பள்ளமுமாக வரிகள். ஒரே அளவு இடைவெளியில், ஒன்றன் கீழ் ஒன்றாக...

“செம்மண் அடுக்கு,” என்றான் இம்மானுவேல். தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

காளீஸ்வரி திரையை உற்றுப் பார்த்தாள்.

“தம்பி... மாட்டுக்கு மருந்து ஊத்த வாயப் பிளந்து புடிப்போம்லா? உள்ள மேவாயில இப்படித்தான் வரி வரியா இருக்கும்.”

இம்மானுவேல் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினான்.

2.51. கேபிள் உருளையை விட்டுவிட்டு பெலிக்ஸ் திரைக்கு வந்தான். பார்த்தான். அவன் கண் கலங்கியது. பயத்தால் அல்ல.

“எறக்குங்க அத்தான்.”

“ஏலே, வேண்டாம்.”

“அவரு காட்டுறாரு அத்தான்! எறக்குங்க!”

இம்மானுவேல் எழுந்து உருளையின் பிரேக்கைப் பிடித்தான். இறக்கவில்லை. பிடிக்க மட்டும்தான் செய்தான்.

உருளை சுற்றியது.

நானூற்று முப்பது. நானூற்றைம்பது. பிரேக் கட்டை புகைந்தது. கீழிருந்து எதுவோ இழுக்கிறது. வெடுக்கென்று இல்லை. நிதானமாக... விழுங்குவது போல.

போரின் வாயில் இறக்கியிருந்த இரும்பு கேசிங் பைப் அதிர ஆரம்பித்தது. காதில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பல்லில் கூசியது. கட்டியிருந்த மூன்று மாடுகளும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன.

நானூற்றுத் தொண்ணூறு.

திரையில் வரிகள் அசைந்தன.

சுருங்கின.

விரிந்தன.

இம்மானுவேல் எண்ணினான். நாற்பது வினாடி.

“ஆண்டவரே...” பெலிக்ஸ் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினான். இரண்டு வார்த்தை சொல்லியிருப்பான்.

கீழே அசைவு நின்றது.

கேட்பது போல.

பெலிக்ஸும் நிறுத்திவிட்டான்.

2.57.

திரை இருண்டது.

கேபிள் தொய்ந்தது. மூன்று பேருமாகப் பற்றி இழுத்தார்கள். கை தோல் உரிய உரிய இழுத்தார்கள். முதலில் வந்த நானூற்றுப் பத்து அடிக் கேபிள் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த எண்பது அடியும் கொழகொழவென்று வழுக்கியது. வெதுவெதுவென்று இருந்தது.

கேமராவைச் சுற்றியிருந்த எஃகுக் கூண்டு தட்டையாக நசுங்கியிருந்தது.

அன்று மாலைக்குள் காளீஸ்வரி ஆள் வைத்துப் போரின் மேல் பாறாங்கல்லைத் தூக்கி வைத்தாள். தோப்பைத் தென்னையோடு விற்றுவிட்டு, அந்த மாதமே மாடுகளை ஓட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வாங்கியவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாளாம். கல்லை எடுக்காதீர்கள்.

திரும்பி வரும் வழியில் கிருஷ்ணன்கோவிலில் டீ வாங்கிக் கொடுத்தான் இம்மானுவேல். பெலிக்ஸ் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

“நீ சொன்னதுதாம்ல சரி,” என்றான் இம்மானுவேல். அவனைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னான். “உயிரோடத்தான் இருக்கு.”

பெலிக்ஸ் தலையை ஆட்டினான்.

“இல்ல அத்தான். ஆண்டவர் படைச்சதா இருந்தா அவரு பேரச் சொன்னதும் சும்மா இருக்கும், இல்லைன்னா ஓடும். அது... ரெண்டும் செய்யல. யாரு பேசுறான்னு பாத்துச்சு.”

அதற்குப் பிறகு அவன் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கவில்லை. ஜெபக் கூட்டத்துக்குப் போகிறான். வாய்விட்டு ஜெபிப்பதில்லை.

மே மாதம் முதல் வாரம். வீட்டைக் காலி செய்யும்போது போர் போட்ட சீட்டு கிடைத்ததென்று காளீஸ்வரி போனில் சொன்னாள். அதில் இருந்த பெயர் ராம்கி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. போர் வண்டி வைத்திருக்கிறவர். இம்மானுவேல் நேரில் போனான்.

ராம்கிக்கு அந்தப் போர் நன்றாக ஞாபகம் இருந்தது.

“கான்சாபுரமா? நானூறு அடிதான் ஓட்டினோம். அதுக்குக் கீழ இரும்பு மாதிரி பாறை. பாறையத் தொளைக்கிற பிட்டு மூணு போச்சு. ஒரு விரக்கடை எறங்கல. போதும்னு வண்டிய எடுத்துட்டோம்.”

இம்மானுவேல் போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினான்.

நானூறு அடி வந்ததும் ராம்கி நிறுத்தச் சொன்னார். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். கடைசிப் பத்து அடிப் பாறையை விரலால் பெரிதாக்கினார். 

“இந்தப் பத்தடி நாங்க போட்டது இல்ல.”

“பொறவு யாரும் வண்டி விட்டிருப்பாவளோ?”

“இல்ல. பிட்டு எறங்கினா பாறை நெடுக வட்டமா கோடு விழும். மேல நானூறு அடியிலயும் கோடு இருக்கு, பாருங்க. இதுல இல்ல. விளிம்பெல்லாம் மேல பாத்து பேந்துருக்கு.”

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது கீழ இருந்து உடைச்சுக்கிட்டு வந்துருக்கு.”