பதினொரு சோடிச் செருப்பு

பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போகும் தாய்க்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, கீழே வேலை செய்பவர்கள் மட்டும் பதினொரு பேர். யார் யாருக்குக் கீழே என்பது பஸ் ஏறிய பிறகுதான் தெரியவரும். இந்த உத்தியோகத்தை ஒருதரமாவது பார்த்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டுதான் இதை வாசிப்பீர்கள்.

என் மகள் தர்ஷிக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த தவணை கண்டியில் மூன்று நாள் முகாம். தனியாகப் போகவேண்டும் என்று அடம். அவளுடைய அப்பா தீர்ப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். "இப்ப புல்மோட்டைச் சுற்றுலா ஒரு இரவுதானே, நீர் துணைக்குப் போய்ப் பாரும். பிள்ளை தனிய சமாளிப்பாள் எண்டா விடுவம்." நானும் பரிசோதகர் என்ற மிதப்பில் பையை அடுக்கினேன். தர்ஷி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "அங்க நானும் உங்களை அன்ரி எண்டுதான் கூப்பிடுவன். சீப்போட எனக்குத் தலை இழுத்துவிட வரக்கூடாது."

பத்துத் தாய்மார்

காலை ஆறு மணிக்கு பஸ் வந்து நின்றது. பதினொரு பெண்பிள்ளைகள் என் பொறுப்பு, மற்றவர்கள் சுகந்தி ரீச்சரோடு. என் மகளைக் கழித்தால் பத்துப் பிள்ளைகள், பத்துத் தாய்மார். ஒவ்வொருவராக என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதுக்குள் சொன்னார்கள்: "மற்றப் பிள்ளையள் பரவாயில்லை அக்கா, என்ர பிள்ளைதான் பயந்தது." பத்தாவது ஆள் சொல்லும்போது மற்ற ஒன்பது பேரும் பக்கத்தில் நின்று அனுதாபப்பட்டார்கள். தைலம் மட்டும் ஏழு போத்தல் சேர்ந்தது.

பிறகு, யன்னல் ஒழுங்காகப் பூட்டுமா என்று பார்க்க ஒரு தாய் பஸ்ஸில் ஏறினார். அவருக்குப் பின்னால் மிச்சப் பேரும் ஏறினார்கள். டிரைவர் கண்ணாடிக்குள்ளால் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அக்கா, பிள்ளையள் எல்லாரும் ஏறியாச்சு. இனித் தாய்மாரை இறக்கினா வெளிக்கிடலாம்."

போத்தலில் மண்

புல்மோட்டைக் கடற்கரையில் மண் கறுப்பு. ரீச்சர் ஒரு காந்தத்தை வைத்துக் காட்ட, மண் எழும்பி அதில் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் குறிப்பு எடுப்பார்கள் என்று ரீச்சர் நம்பினார். மத்தியானம் கீர்த்தனாவின் பையை என்னால் தூக்க ஏலவில்லை. திறந்து பார்த்தால், தண்ணீர்ப் போத்தல் நிறைய மண். கீர்த்தனா, பயந்த பிள்ளைகள் பத்தில் முதலாவது பயந்த பிள்ளை. இனிக் குடிக்க என்ன செய்வாய் என்று கேட்டேன். கொஞ்சமும் அசையாமல் சொன்னாள்: "போத்தலைத் துலைக்காமல் கொண்டு வா எண்டுதான் அம்மா சொன்னவ, அன்ரி. உள்ளுக்கு என்ன இருக்கவேணும் எண்டு சொல்லேல்ல."

ஏழு மணி போன்

தங்கியது அங்குள்ள ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரித்ததும் என் போன் அடித்தது. கீர்த்தனாவின் அம்மா. பிள்ளை அழுகிறாளா? இல்லை என்றேன். சாப்பிட்டாளா? இரண்டு தரம் என்றேன். விம்முகிற சத்தம் கேட்குதே என்றார். அது அவருடைய பக்கத்துச் சத்தம்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதிர்ப் பாயில் தர்ஷி தானே தலை இழுத்துக்கொண்டிருந்தாள். வகிடு கோணல். கை துறுதுறுத்தது. நிபந்தனையை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு, போனைக் கீர்த்தனாவிடம் நீட்டினேன். அவள் காட்ஸ் விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் நித்திரை எண்டு சொல்லுங்கோ அன்ரி. எழும்பினாப் பிறகு எடுக்கிறன் எண்டும் சொல்லுங்கோ."

சல்லியில் ஒரு கணக்கு

அடுத்த நாள் திரும்பும் வழியில், கடலோரமாக இருக்கும் சல்லி அம்மன் கோவிலில் இறங்கினோம். ஒரு இடத்தில் நில்லாத தலைகளை எண்ணி எண்ணி அலுத்துப்போன எனக்கு அங்கே ஒரு புத்தி வந்தது. தலை ஓடும், கழற்றிவைத்த செருப்பு ஓடாது. வாசலில் பதினொரு சோடி கிடந்தால் உள்ளே பதினொரு பிள்ளைகள். எண்ணினேன், சரியாக இருந்தது. எதிர்க்கடையில் ஆறுதலாக ஒரு பிளேன்ரீ குடித்தேன். பிள்ளைகள் எங்கே என்று ரீச்சர் கேட்டபோதும், செருப்பைக் காட்டிப் பெருமையாகப் பதில் சொன்னேன்.

கூட்டிவர உள்ளே போனால் ஒரு பிள்ளையும் இல்லை. பத்துத் தாய்மாரின் முகமும் வரிசையாக வந்தது, பதினோராவது என்னுடையது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. வெறுங்காலோடு கடற்கரைக்கு ஓடினேன்.

காயப்போட்ட கருவாட்டுக்குப் பக்கத்தில், கரைக்கு இழுத்துவிட்ட வள்ளத்தைச் சுற்றிப் பதினொரு பேரும் நின்றார்கள். பக்கத்து வாசலால் இறங்கி வந்திருக்கிறார்கள். மணலில் நடக்கச் செருப்பு எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். தர்ஷி மற்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள், தலை தலையாக. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். இரண்டு நாளில் முதல்தரமாக அந்தச் சொல் அவள் வாயில் வந்தது. "அம்மா, அழாதேங்கோ. எல்லாரும் பாக்கினம்."

தீர்ப்பு

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்த கையோடு அவளுடைய அப்பா கேட்டார்: "எப்பிடி, பிள்ளையைத் தனிய விடலாமோ?" பஸ்ஸிலேயே நான் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன்: இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வருடம் அவளுக்குத் தேவையில்லை, எனக்குத்தான் தேவை. நான் வாயைத் திறக்கமுன் தர்ஷி பையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா நல்லாத்தான் நடந்தவ அப்பா. ஒருக்காத்தான் எங்களைத் துலைச்சவ."

பிள்ளையைச் சோதிக்கப் போன தாய்க்கு இவ்வளவு தாராளமாகப் புள்ளி போட்டவளோடு வாதாட ஏலாமல், கண்டி முகாமுக்கான அனுமதிப் படிவத்தில் அன்றைக்கே கையெழுத்து வைத்தேன்.