நான் தட்டாத இரண்டு தட்டு

கண்டக்டர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பஸ், பின்னால் மாட்டிய உலையில் கரியை எரித்து வரும் கரிவாயுவில் ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குச் சாயங்காலக் கடைசி டிரிப் எங்களுடையது. டிரைவர் மாடசாமி என் சிநேகிதன். அவனுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் ரோடு தெரியாது. அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிருவாருலே. பிள்ளையள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? செத்த நேரந்தான, நீ பாத்துச் சொல்லு" என்றான்.

ஒத்துக்கொண்டேன். அவனுக்குப் பின்னால் நின்று தோள்களில் கை வைத்துக்கொள்வேன். வலது தோளை அழுத்தினால் வலப்பக்கம் ஒடிப்பான். இடது தோள் என்றால் இடப்பக்கம். இரண்டையும் இறுக்கிப் பிடித்தால் பிரேக்.

"என்ன கண்டக்டரே, டிரைவரு ஓடிப்போயிருவாருன்னா பிடிச்சிக்கிட்டே வாரீரு?" என்று வியாபாரிகள் கேலி செய்வார்கள். சிரித்து வைப்பேன், உள்ளுக்குள் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட விரல்கள் தாமாக எதையாவது அழுத்திக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் வழியில் ஏறிய ஒரு அம்மாளோடு டிக்கெட் தகராறு. "மடில இருக்க பிள்ளைக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?" என்றாள். பிள்ளைக்கு மீசை அரும்புகிற வயது. அவளிடம் பேசத் திரும்பியதில் கை எடுபட்டுவிட்டது. கண்மாய்க் கரைத் திருப்பத்தில் லாந்தர் இல்லாத பருத்தி வண்டி. நான் போட்ட சத்தத்தில் மாடசாமி பிரேக்கை மிதித்தான். மாட்டின் மூச்சு ரேடியேட்டரில் படுகிற தூரத்தில் பஸ் நின்றது. பக்கத்தில் கண்மாய்த் தண்ணீர்.

"கண்ண என்ன பொடனியிலயா வச்சிருக்க?" என்று வண்டிக்காரர் வைதார். அந்த அம்மாள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஷெட்டில் அவனிடம் சொன்னேன்: "இனி என்னால ஏலாதுலே. மொதலாளிகிட்ட நீயே சொல்லு, நான் கூட வாரேன். எங்க வீட்டு அரிசில பாதி எடுத்துக்கோ. ஆனா சாயங்கால வண்டிய நீ எடுத்தா, கெளம்பச் சொல்லி நான் தட்ட மாட்டேன்."

"நீயெல்லாம் ஜெபம் பண்ணுதவனா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டீரிங்கில் ஏறி உட்கார்ந்துவிட்டான். வண்டி நிறைய ஜனம். கண்டக்டர் வண்டியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டான்; எங்கள் தொழிலில் அது சத்தியம் மாதிரி. நான் தட்டவில்லை. அவன் ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்த்தான்.

"தட்டும்யா! கரி அணைஞ்சிரப் போவுது!"

"கண்டக்டருக்குக் கை சுளுக்கிக்கிச்சோ?"

மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு நா எழவில்லை. கையும் எழவில்லை.

கடைசியில் மாடசாமியே இறங்கி வந்தான். "எல்லாரும் எறங்குங்கய்யா. அந்திக்கு மேல எனக்குக் கண்ணு தெரியாது" என்றான். கேலி செய்த வியாபாரிகளே முதலில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அன்றிரவு வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கிடந்தது. விடிந்த பிறகு ராஜபாளையத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் முதலாளி முன் இருவரும் நின்றோம்.

"ஒருத்தன் குருடன், இன்னொருத்தன் குருடனுக்குக் கம்பு! நல்ல சோடிடா!" என்று தொடங்கி, வையாத வசவு இல்லை. பிறகு மாடசாமிக்குக் காலை டிரிப் மட்டும் கொடுத்தார். சம்பளம் குறைந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபடி, என் வீட்டுக்காரி முருங்கைக் கீரையும் ஆட்டு ஈரலும் அவனுக்குக் கொடுத்துவந்தாள். சில வாரம் கழித்து ஒரு காலையில் வந்தான். "இப்பம் தெளிவாத் தெரியுதுலே. மொதலாளிகிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லு."

"ஈரல் எம்புட்டு வேணும்னாலும் தாரேன். கண்ணு நல்லாயிட்டுன்னு டாக்டர்தான் சொல்லணும்" என்றேன்.

முறைத்தான். முறைத்துக்கொண்டே ஈரலை வாங்கிக்கொண்டு போனான்.

சிநேகிதனுக்காக என் உயிரைப் பணயம் வைத்தால் அது என் பாடு. டிக்கெட் வாங்கி நம்பி உட்கார்ந்திருக்கிறவர்களின் உயிரைப் பணயம் வைக்க ஆண்டவர் எனக்கு அதிகாரம் தரவில்லை.